மேலே பிரெஞ்சு, கீழே தமிழ்

"பக்கா பிரெஞ்ச் ஸ்டைல் வில்லா மேடம். எலிவேஷனைப் பாருங்க, பாரிஸ்ல நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார் விற்பனைக்கு நின்ற தம்பி.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் இரண்டு உருண்டைத் தூண்கள், மேலே முக்கோண முகப்பு, மாடியில் குட்டித் தூண்களை வரிசையாக அடுக்கிய கைப்பிடிச் சுவர். எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. என் மகள் போய் ஒரு தூணை விரலால் தட்டினாள். அட்டைப்பெட்டியைத் தட்டினது போல 'டொக்' என்றது.

"உள்ளே தெர்மாகோல்தான் பாப்பா. மேலே சிமென்ட் கோட்டிங். வெயிட்டே இருக்காது" என்று அந்தத் தம்பி பெருமையாகச் சொன்னார். தூண் எதையும் தாங்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

"அம்மா, இது பாண்டிச்சேரி பெரிய தாத்தா வீட்டு மாடி மாதிரியே இருக்குல்ல?" என்றாள் மகள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், இந்த வில்லாவுக்கான பணமே அந்த வீட்டை விற்றுத்தான் வருவதாக இருந்தது.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதிக்கும் பிரான்சுக்கும் உறவு உண்டு. ரெனோ–நிசான் ஆலை இங்கே 2010-ல் திறக்கப்பட்டது. அதற்குப் பத்து வருடம் முன்பே செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் வந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் கதை 1665-ல் தொடங்குகிறது. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் கண்ணாடி செய்வதற்கென்றே ஆரம்பித்தது. வெர்சாய் அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடிக் கூடத்துக்கான 357 கண்ணாடிகளும் அவர்கள் செய்தவை. ராமானுஜர் பிறந்த ஊரில், லூயி மன்னருக்குக் கண்ணாடி செய்தவர்களின் உலை எரிகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் என் வீட்டுக்குள் பிரான்ஸ் வந்தது இந்த வழியில் இல்லை. அது கப்பலில், சைகோனிலிருந்து வந்தது.

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது எங்கள் அப்பா வழி வீடு. தெருவில் நின்று பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வீடுகளை வைத்த மாதிரி இருக்கும். கீழே திண்ணை, மரத்தூண்கள், தெருவை நோக்கிச் சரிந்த ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே நடை, கூடம், முற்றம் என்று அச்சு அசல் தமிழ் வீடு. நிமிர்ந்து பார்த்தால் வேறு நாடு. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் ஐந்து நீளமான கதவு ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். நடு ஜன்னலுக்கு மேலே மட்டும் சின்ன முக்கோண முகப்பு. உச்சியில் குட்டித் தூண் வரிசை. ஓடு கிடையாது, தட்டையான மொட்டைமாடி.

கீழ் வீட்டைக் கட்டியது யார் என்று பெரியப்பாவுக்கே தெரியாது. மாடியைக் கட்டியது என் கொள்ளுத்தாத்தா. பிரெஞ்சு அரசாங்கத்தில் குமாஸ்தாவாக சைகோன் போனவர். அந்தக் காலத்தில் புதுச்சேரித் தமிழர்கள் பலர் அப்படித்தான் இந்தோசீனாவுக்குப் போனார்கள். அங்கிருந்து அனுப்பிய பணத்தில் 1920-களில் மாடி எழும்பியது. பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரம் ஒன்று டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. படிக்கத் தெரிந்த கடைசி ஆள் அத்தை. அவரும் இப்போது பிரான்சில்.

பல வருடங்களாக நான் அந்த மாடியைக் கொள்ளுத்தாத்தாவின் பகட்டு என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளைக்காரனைப் பார்த்துச் செய்த காப்பி. வில்லா பார்த்த அன்று இரவுதான் அந்தத் தூண்களும் முக்கோணமும் எங்கிருந்து கிளம்பின என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, பிரெஞ்சுக்காரர்களுக்கே அது காப்பிதான் என்று தெரிந்தது.

இத்தாலியில் 1738-லும் 1748-லும் ஹெர்குலேனியம், பாம்பேய் என்ற இரண்டு ரோமானிய ஊர்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த வீடுகள், தூண்கள், சுவர்கள் வெளியே வந்தன. ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. பாரிஸில் அதுவரை சுருள் சுருளான பூவேலையும் தங்கப்பூச்சுமாக இருந்த ரசனை மாறியது. நேர்கோடு, சமமான அளவு, நெடிய தூண், குறைந்த அலங்காரம் என்பது புது மோஸ்தர். இன்று அதை நியோகிளாசிக்கல் என்கிறார்கள்.

பாரிஸ் பணக்காரர்களின் நகர வீட்டுக்கு ஒரு நிரந்தர வரைபடம் இருந்தது. தெருவில் உயரமான மதிலும் வண்டி நுழையும் பெரிய கதவும்தான் தெரியும். உள்ளே முற்றம், அதற்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம். பாரிஸில் சேன் நதிக் கரையில் 1780-களில் கட்டிய ஹோட்டல் த சால்ம் என்ற மாளிகை இந்த வகையில் பேர்போனது. ஹோட்டல் என்றால் லாட்ஜ் அல்ல, அவர்கள் ஊரில் பெரிய வீட்டுக்கு அப்படிப் பெயர். அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், அது கட்டப்படுவதைத் தினமும் போய் வேடிக்கை பார்த்து மயங்கி நின்றாராம். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். கட்டடம் எழும்புவதை நின்று பார்க்கும் பழக்கம் நமக்கு மட்டும் இல்லை போல.

புதுச்சேரிக்கு இந்த மோஸ்தர் வந்ததற்குக் காரணம் ஒரு பேரழிவு. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் நகரத்தைப் பிடித்தார்கள். பிடித்ததோடு விடவில்லை. கோட்டை, மாளிகை, வீடுகள் என்று பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதை எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்தபோது, லா த லோரிஸ்தோன் என்ற கவர்னர் கிட்டத்தட்ட அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பாரிஸில் ரசனை மாறிக்கொண்டிருந்த அதே வருடங்கள். அதனால்தான் இன்று பிரெஞ்சுப் பகுதியில் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் துமாஸ் வீதி, சுஃப்ரேன் வீதி வீடுகளில் அந்தச் சாயல். உயர்ந்த மதில், அலங்காரக் கதவு, உள்ளே தோட்டம், தோட்டத்தைப் பார்த்த தூண் வராந்தா.

ஆனால் பாரிஸில் வீடு கட்ட சுண்ணாம்புப் பாறை வெட்டிக் கிடைக்கும். புதுச்சேரியில் கல் ஏது? செங்கல்லை வட்டமாக அடுக்கித் தூண் எழுப்பி, மேலே கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரையைப் பூசி, பளபளவென்று தேய்த்துப் பளிங்கு போல ஆக்கினார்கள் நம் கொத்தனார்கள். பாரிஸில் வெயிலை உள்ளே அழைக்கத்தான் நீள ஜன்னல். இங்கே வெயிலை நிறுத்திக் காற்றை மட்டும் விட வேண்டும். அதனால் சாய்வான மரப்பட்டிகள் அடுக்கிய கதவுகள் வந்தன. சரிந்த கூரை போய் மெட்ராஸ் டெரஸ் வந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்திட்டு, குறுக்காக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. வரைபடம் மட்டும்தான் பிரெஞ்சு.

1761-ல் தப்பிய வீடுகள் சொற்பம். அதில் ஒன்று, பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக இருந்து, 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதினாரே, அவர் வீடு. நகரம் வீழ்ந்த அதே மாதத்தில் அவரும் இறந்துபோனார். பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். கீழே வேலைப்பாடு செய்த மரத்தூண்கள், முற்றம். மேலே காரை பூசிய பிரெஞ்சுத் தூண்கள். அன்று ஒரு தோழி, "உங்க வீடு மாதிரியே இருக்குடி" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்போதே மாடிக் கூரையில் செடி முளைத்திருந்தது.

ஆக, கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாகக் கட்டுவது கொள்ளுத்தாத்தா கண்டுபிடித்த பகட்டு இல்லை. அவருக்கு வெகு காலம் முன்பே ஊர் வழக்கம். அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். தமிழ் வீடு தெருவில் திண்ணை போட்டு யார் வந்தாலும் உட்காரச் சொல்லும். ஊராரோடு கீழே பேசி, காற்றுக்கு மேலே போய்ப் படுத்தார்கள். இரண்டையும் ஒரே படிக்கட்டில் இணைத்தவர்களை நான் பகட்டுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன் இனி.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

2011. வேலைக்குச் சேர்ந்து முதல் பெரிய போனஸ். வீட்டில் கூடத்துச் சுவர் உதிர்ந்துகொண்டே இருந்தது. பெருக்கப் பெருக்கச் சுண்ணாம்புத் தூள். "பெரியப்பா, நான் பணம் அனுப்பறேன். மொத்தமா சுரண்டிட்டு சிமென்ட் பூசி, நல்ல பெயின்ட் அடிச்சிருங்க" என்றேன். அவர் தயங்கினார். "எங்க அப்பா வருஷா வருஷம் சுண்ணாம்புதாம்மா அடிப்பாரு" என்றார். "அதெல்லாம் அந்தக் காலம் பெரியப்பா" என்று அடித்துப் பேசினேன். ஆறு மாதத்தில் ஒரு தொழிற்சாலைக் கொட்டகையையே எழுப்பிவிடும் ஊரில் வேலை பார்க்கிறவளுக்கு, ஒரு சுவரைப் பற்றி என்ன சந்தேகம்?

பொங்கலுக்குப் போனபோது சுவர் வழவழவென்று முட்டைக்கோடு நிறத்தில் மின்னியது. அப்பா அப்போது இருந்தார். வந்தவர்களிடம் எல்லாம், "என் பொண்ணு பண்ணிக் குடுத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டே மழைக்காலம். சுவரில் திட்டுத் திட்டாக உப்புப் பூத்தது. முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஈரம் தோள் உயரத்துக்கு ஏறியது. பெயின்ட் கம்பெனியைத் திட்டினேன். மழையைத் திட்டினேன்.

2014 நவம்பர் 29. அடைமழை. பெரியப்பா போன் செய்தார். குரல் நடுங்கியது. "பாப்பா, மேரி விழுந்துடுச்சும்மா."

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் எங்கள் ஊரின் முகம். 1870-களின் தொடக்கத்தில் கட்டிய நகர மன்றம். எங்கள் தாத்தாவின் பிறப்பைப் பதிந்தது அங்கே, அப்பாவின் பிறப்பைப் பதிந்ததும் அங்கே. புதுச்சேரிக்காரர்களுக்கு 'மேரியில எழுதறது' என்றால் கல்யாணம், சாவு, பிறப்பு எல்லாமே. அத்தனை பெரிய தூண்கள், ஒரு மழையில் செங்கல் குவியலாகக் கிடந்ததை டிவியில் பார்த்தேன். பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் பெரியப்பா இன்னும் ஒருமுறைகூட உள்ளே போகவில்லை.

அந்த பயத்தில்தான், பழைய வீடுகளைச் செப்பனிடும் வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் கருவி எதுவும் எடுக்கவில்லை. விரல் முட்டியால் கூடத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். டொக், டொக், டொக். "சிமென்ட்டு சுவரை விட்டுக் கழண்டு நிக்குது. யாரு பூசச் சொன்னது?" என்றார். பெரியப்பா என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார். தட்டிப் பார்த்தே குறை கண்டுபிடிப்பது என் தொழிலும்தான்.

அவர் விளக்கியது இது. இந்தச் சுவர்களுக்குள் நம் காலத்து வீடுகள் போல ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புக் காரை அதை அப்படியே வெளியே விட்டுவிடும். காரை உதிர்வது நோய் இல்லை, உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தார்கள். நான் பூசிய சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. வெளியேற முடியாத ஈரம் மேலே மேலே ஏறியது. மேலே என்ன இருக்கிறது? மாடியைத் தாங்கும் தேக்கு உத்தரங்களின் முனைகள், சுவருக்குள் செருகியபடி. அவற்றை ஈரம் தொட்டால் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது.

"மாடியில தூணு எல்லாம் கல்லு மாதிரி இருக்கும்மா. கீழ சுவரு மூச்சு முட்டினா அது என்னத்துக்கு ஆவும்?" என்றார்.

மொட்டைமாடியில் பிற்காலத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டியையும், ஒழுகும்போதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட சிமென்ட் தளத்தையும் அவர் காட்டியபோது நான் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அப்போதே சரி செய்திருக்க வேண்டும். அப்பாவின் உடல்நிலை, மகளின் படிப்பு, கொரோனா என்று வருடங்கள் ஓடின. தண்ணீர்த் தொட்டியை மட்டும் இறக்கினோம். போன பொங்கலுக்கு ஒரு பில்டர் விலை பேசிக்கொண்டு வந்தார். இடித்துவிட்டு நான்கு மாடி. முகப்பில் "ஃப்ரெஞ்ச் லுக்" கொடுப்பாராம்.

குடும்பத்தில் எல்லோரும் நினைப்பது போலக் காட்சி அமையவில்லை. பிரான்சில் இருக்கும் அத்தை, "விக்கவே கூடாது. இந்த மாதிரி வீட்டை இங்கெல்லாம் கண்ணுல ஒத்திக்குவாங்க" என்று வாட்ஸ்அப்பில் அழுதார். விற்கலாம் என்று சொன்னது அந்த வீட்டிலேயே பிறந்து, அங்கேயே இருக்கும் பெரியப்பா. "ராத்திரி மழை பேஞ்சா நாலு பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுறது நான். 74 வயசு ஆவுது. போட்டோ புடிக்கிறவங்க யாராச்சும் வந்து ஏறட்டும்" என்றார். என் தம்பி எந்தப் பக்கமும் பேசவில்லை. நானும்தான்.

பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர்களில் பலர் மழையில் பக்கெட் தூக்காதவர்கள். பெரியப்பாவிடம் வீட்டின் அருமை பற்றிப் பேச, அந்தச் சுவரை அடைத்த எனக்குக் கொஞ்சமும் தகுதி இல்லை.

மகள் தட்டிய 'டொக்' அன்று இரவு முழுக்கக் காதில் இருந்தது. மறுநாள் கணவரிடம் பேசினேன். வில்லாவுக்கு முன்பணமாகச் சேர்த்ததில் ஒரு பகுதியை எடுக்கலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாடகை வீட்டுலயே இன்னும் எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே, "ஒரு சுவரு மட்டும் பண்ணிப் பாரு" என்றார்.

பெரியப்பாவிடம் கேட்டேன்: "ஒரு மழைக்காலம் மட்டும் தாங்க பெரியப்பா. கூடத்துச் சுவரையும் மாடித் தளத்தையும் சரி பண்றேன். அதுக்கப்புறமும் விக்கணும்னா நானே வந்து கையெழுத்துப் போடறேன்." அவர், "உன் பணம், உன் இஷ்டம்" என்றார். பில்டரிடம் தை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அவர் பொறுப்பாரா என்பது வேறு கதை.

அதே கொத்தனார் இப்போது ஏணி ஏறுவதில்லை. மகனை அனுப்பிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து அதட்டுகிறார். சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்தாயிற்று. முற்றத்தில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பை ஊறப் போட்டிருக்கிறோம். உத்தர முனைகளில் ஒன்று மட்டும் ஒரு சாண் அளவுக்கு உளுத்திருந்தது. அதை வெட்டிவிட்டு வேறு தேக்கு சேர்க்கிறார்கள். மற்றவற்றை உளியால் குத்திப் பார்த்ததில் 'ணங்' என்றதாம். மாடித் தூண்களைப் பற்றிக் கேட்டால், "அதைத் தொடவே வேணாம்" என்று சிரிக்கிறார்.

காரை பூச இன்னும் நாள் இருக்கிறது. சுவர் காய வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "சுவரைக் கேளு" என்றுவிட்டார்.

பெரியப்பா சுவரில் ஈரம் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுகிறார். யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் காலையில் காபி குடித்துவிட்டு, செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். முதல் இரண்டு வாரம் கோடு நகரவில்லை. இன்று ஷிஃப்ட்டுக்கு பஸ் ஏறும்போது படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, செவ்வாய். பழைய கோட்டுக்குக் கீழே புதுக் கோடு. படத்துக்கு அடியில் இரண்டே வார்த்தை.

"நாலு விரல்."